விடுதலைக்கு உழைத்தோரும் பாடசாலை விடுதலையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து மூன்றாந் திங்கட்கிழமை பொது விடுமுறை நாளாகும். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தைத் தலைநின்று நடாத்திய மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் பிறந்த நாளை முன்னிட்டு அது வகுக்கப்பட்டது. அப்பெரியார் 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி அற்லாண்டா நகரிற் பிறந்து, 1968ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி மெம்பிஸ் நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டவர். அவர் பெயரால் அமைந்த நாளிலே அந்நாட்டுப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை கதவடைத்து விடுகின்றன. மக்களின் உரிமைக்காக உழைத்த ஒருவரைப் பாடசாலை போற்ற வேண்டிய முறை கதவை அடைப்பதுதானா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினா. கடல்கடந்த நாட்டின் விடுமுறை பற்றி நமது கல்லூரி மலரிலே எழுதுவானேன் என்று அன்பர் சிலர் கேட்டல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள்க; இவ்விடயத்திற் கொழும்புக்கும் பங்குண்டு, யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு.

நம்மூர்ப் பிள்ளைகள் பாடசாலை மூடப்படும் நாளை 'விடுதலை' என்றே வழங்குவர். 'நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுதலை' என்னும் செய்தி வகுப்பறைக்குள் வந்தவுடன், செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியனின் குரல் எவருக்குங் கேளாது போவதை யாம் நன்கறிவோம். ஆக, மக்கள் விடுதலைக்காக உயிரை ஈந்த ஒருவரின் நாளிலே பாடசாலைக்கு விடுதலை விடுவது சொல்லளவிற் பொருத்தமாகவே அமைந்துள்ளது. பொருளளவிலே பொருந்துமோ என்பதுதான் ஐயம்.

அந்த விடுமுறையும் எளிதிற் கிடைத்ததன்று. கிங் கொல்லப்பட்ட நான்காம் நாளே, காங்கிரஸ் உறுப்பினர் ஜோன் கொன்யர்ஸ் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1979இல் மக்கட்சபையில் வேண்டிய பெரும்பான்மைக்கு ஐந்து வாக்குகள் குறைந்தமையால் மசோதா தோல்வியுற்றது. அறுபது இலட்சம் மக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் வந்தது. இறுதியில் 1983 நவம்பர் 2ஆந் திகதி சனாதிபதி ரேகன் அதிற் கையெழுத்திட, 1986 ஜனவரி 20ஆந் திகதி முதன்முறையாக அந்நாள் கொண்டாடப்பட்டது. அதன் பின்னரும் மாநிலங்கள் சில முரண்டுபிடித்தன. அரிசோனா மாநில மக்கள் 1990இல் அதனை வாக்கினால் மறுத்து, 1992இல் ஏற்றனர். நியூ ஹாம்ஷயர் 1999இலேதான் அந்நாளுக்குக் கிங்கின் பெயரைச் சூட்டியது. அலபாமா, மிசிசிப்பி என்னும் மாநிலங்களிலோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படையின் தளபதி றொபேட் லீயின் பிறந்த நாளும் அதே திங்கட்கிழமையில் ஒருங்கே அனுட்டிக்கப்படுகின்றது. ஒரே நாளிற் பூட்டப்பட்டிருக்கும் பாடசாலைக் கதவு எவரைப் போற்றுகின்றது என்பதைக் கதவைப் பார்த்து அறிதல் இயலாது.

பாடசாலையை மூடவேண்டும் என்பார் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. நாட்டின் முதற் சனாதிபதி வாஷிங்டனுக்கு விடுமுறை உண்டு. கறுப்பினத் தலைவருக்கு மாத்திரம் இல்லையெனின், அது மீண்டும் அவரைப் பின்னாசனத்தில் இருத்துவதாகும் என்பர். 2011ஆம் ஆண்டு பனிப்பொழிவினால் இழந்த பாடநாட்களை ஈடுசெய்யத் தென்மாநிலக் கல்வி மாவட்டங்கள் சில அத்திங்கட்கிழமையிலே வகுப்பு நடாத்த முற்பட்டபோது கறுப்பின மக்கள் மனம் வருந்தியது இதனாலேயாம். ஏனைய விடுமுறைகளைத் தொடாது இந்நாளை மாத்திரம் எடுத்து ஈடுகட்டுதல் மரியாதையன்று. ஆதலால் அந்நாளை நீக்குக என்று யாம் கூறவில்லை. மூடிய கதவோடு பாடசாலையின் கடமை தீர்ந்தது என எண்ணுவதையே மறுக்கின்றோம்.

இதனை நான் இத்துணை வற்புறுத்துதற்குக் காரணம், அப்போராட்டத்திற் பாடசாலை வகித்த இடமேயாம். வேர்ஜீனியா மாநிலத்திற் பார்ம்வில் என்றோர் ஊர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த மோட்டன் உயர்தரப் பாடசாலை 180 மாணவருக்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அங்கு 450 பேருக்குமேற் பயின்றனர். இடம் போதாமையாற் கீல்பூசிய கடதாசி வேய்ந்த கொட்டில்களிலே வகுப்புகள் நடைபெற்றன. அவ்வாண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி பார்பரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி, அதிபரை ஏதோவொரு சாட்டுச் சொல்லி வெளியே அனுப்புவித்து, மாணவர் அனைவரையும் மண்டபத்திற் கூட்டி, நல்ல கட்டிடம் கிடைக்கும்வரை வகுப்புக்குச் செல்வதில்லையென வேலைநிறுத்தம் தொடங்கினாள். (அதிபரை ஏமாற்றியது முறையா என ஆசிரியர் சிலர் கேட்பர். அதிபர் உடனிருந்து அனுமதித்திருப்பின் அவருடைய வேலை அன்றே போயிருக்கும் என்பதை அப்பெண் அறிந்திருந்தாள் போலும்.) அவ்வேலைநிறுத்தத்திலிருந்து எழுந்த வழக்கு ஏனைய நான்கு வழக்குகளோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தை அடைந்தது. இனம் பிரித்துப் பாடசாலை நடாத்துதல் அரசியலமைப்புக்கு முரணானது என 1954 மே 17ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு அவ்வழக்குகளின் முடிபாகும்.

அதன்பின் நிகழ்ந்ததை ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரு வாங்கில் இருப்பதைக் காணப் பொறாத அம்மாவட்டத்து ஆட்சியாளர், 1959ஆம் ஆண்டு பொதுப் பாடசாலைகள் அனைத்தையுமே மூடிவிட்டனர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுட் சிலர் உறவினரை நாடி வேற்றூர் சென்று பயின்றனர். ஏனையோர் வீட்டில் இருந்தனர். 1964இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் திறப்பிக்கும்வரை ஐந்தாண்டுகள் கதவு பூட்டியே கிடந்தது. முதலாம் வகுப்புக்குச் செல்லவேண்டிய பிள்ளை பதினொரு வயதிலே அரிச்சுவடியைத் தொடுவது எத்தகைய கொடுமை என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாடசாலைக் கதவைத் திறப்பதற்காகப் போராடியோரின் நினைவைக் கதவடைத்துக் கொண்டாடுவதிலுள்ள முரண் பார்ம்வில்லின் வரலாறு அறிந்தவர்க்கே உறைக்கும். வேர்ஜீனியாவின் சார்பில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்திலே நின்ற லீயின் சிலை 2020இல் அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு உரியவராகத் தெரிவுசெய்யப்பட்டவர் இந்தப் பார்பரா ஜோன்ஸே.

பேர்மிங்ஹாம் நகரிலும் இதுவே கதை. 1963 மே 2ஆந் திகதி பாடசாலை மாணவர் வகுப்பறைகளை விட்டு வெளியேறி ஊர்வலமாகச் சென்றனர். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். மறுநாள் அவர்கள்மீது நீர்க்குழாய்களும் நாய்களும் ஏவப்பட்டன. அம்மாத இறுதிக்குள் அந்நகரக் கல்விச் சபையார் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைப் பாடசாலையிலிருந்து நீக்கக் கட்டளையிட்டனர். நீதிமன்றம் இரண்டு நாளில் அக்கட்டளையை இரத்துச் செய்தது. இன்று கிங்கின் படத்துக்கு மாலை சூட்டும் பாடசாலைகள், அன்று அவரைப் பின்பற்றிய பிள்ளைகளைத் தண்டித்தன என்பதையும் மறையாது கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்கும் முறைக்கு வருவோம். அங்கே பெரும்பாலும் நடப்பது யாது? 1963 ஆகத்து 28ஆந் திகதி வாஷிங்டனில் அவர் ஆற்றிய பேருரையின் இறுதிப் பகுதியைப் பிள்ளைகள் மனனஞ் செய்து ஒப்புவிப்பர், படம் வரைவர், கைதட்டல் பெறுவர். அப்பேரணி தொழிலுக்கும் விடுதலைக்குமான பேரணி என்று பெயர் பெற்றதையோ, அவ்வுரையின் முற்பகுதி, நாடு கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியதாக இடித்துரைப்பதையோ அறிவார் சிலர். 1966இல் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பிலே அமெரிக்கருள் நூற்றுக்கு 63 பேர் கிங்கை விரும்பாதவராயிருந்தனர். எல்லோராலும் நேசிக்கப்பட்ட ஒருவராக அவரைச் சித்திரித்தல் அவருக்கும் நீதியன்று, கேட்கும் பிள்ளைக்கும் நீதியன்று. உயிரோடிருந்தபோது வெறுக்கப்பட்டவர் என்பதை அறிந்தாலன்றி, அவர் துணிவு எத்தகையது என்று பிள்ளை எவ்வாறு அளவிடும்?

அந்நாளுக்கு முந்திய வாரம் முழுவதையும் பாடமாக்குதல் வேண்டும் என்பது எனது கருத்து. மேல்வகுப்பினர், பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் 1963 ஏப்பிரலில் எழுதிய கடிதத்தை முழுமையாகப் படிக்கலாம். கீழ்வகுப்பினர்க்குக் கணக்குப் பாடமே போதும். மொன்ட்கொமரி நகரிலே 1955 டிசெம்பர் 5ஆந் திகதி தொடங்கிய பஸ் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. பஸ்ஸிற் சென்றோருள் நால்வருக்கு மூவர் கறுப்பினத்தோர். கட்டணம் 10 சதம். ஒருவர் காலையும் மாலையும் பஸ்ஸில் ஏறுபவராயின், அந்நாட்களில் அவரிடமிருந்து பஸ் கம்பனி இழந்தது 76 டொலர் 20 சதம். இவ்வாறு பல்லாயிரவர்க்குக் கணக்கிடுக. வாடகைக் கார்க்காரர் பஸ்கட்டணமான அதே 10 சதத்துக்கு ஆட்களை ஏற்ற, நகராட்சியார் 45 சதத்துக்குக் குறைத்து வாங்கலாகாது என்னும் சட்டத்தைக் காட்டித் தடுத்தனர். மக்கள் ஏறத்தாழ 300 சொந்தக் கார்களை ஒழுங்குசெய்தனர். ஏனையோர் நடந்தனர். பகைவனையும் அடியாமல் அவன் வருவாயைத் தொட்ட போராட்டம் இது என்பதைக் கூட்டலும் பெருக்கலும் அறிந்த பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

அப்புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்த துண்டுப்பிரசுரங்களை ஓரிரவிலே அச்சிட்டவர் யார் தெரியுமா? ஜோ ஆன் றொபின்சன் என்னும் கல்லூரி ஆங்கில ஆசிரியை. றோசா பார்க்ஸ் அம்மையார் கைதான 1955 டிசெம்பர் 1ஆந் திகதி இரவு, கல்லூரி றோணியோப் பொறியிலே, மாணவர் இருவரின் துணையுடன், பல்லாயிரம் பிரதிகளை உருட்டியெடுத்தார். அவருக்கு ஒன்பது மாதங்களுக்கு முன் அதே குற்றத்துக்காகக் கைதானவள் குளோடெற் கொல்வின் என்னும் பதினைந்து வயது மாணவி. ஒரு தலைவரின் நாளிலே இவர்கள் பெயரையுஞ் சொல்லுதல் அவர் புகழைக் குறைப்பதாகாது. மாணவனுக்கு அத்தலைவர் எட்டாத சிகரமாய்த் தோன்றலாம். பக்கத்து மேசையிலிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எட்டும் தூரத்தில் இருக்கின்றாள்.

1994இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, அத்திங்கட்கிழமையை ஓய்வு நாளாகவன்றித் தொண்டு நாளாகக் கொள்ளுமாறு மக்களை அழைத்தது. அப்போராட்டத்திலே அடிபட்டுக் காங்கிரஸ் உறுப்பினராய் உயர்ந்த ஜோன் லூயிஸ் அதற்கு முன்னின்றவருள் ஒருவர். குருபூசையோடு மாகேசுர பூசையும் நடாத்திப் பழகிய நமக்கு இது புதியதன்று. எனினும் கல்வியின்றிச் செய்யுந் தொண்டு, படம் பிடிப்போர் வந்தபின் தொடங்கும் சிரமதானங்களைப் போலச் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நின்றுவிடும்.

இனி, முன்னர்ச் சொன்ன கொழும்புத் தொடர்பு. 1935ஆம் ஆண்டு ஹவார்ட் தேர்மன் என்னும் கறுப்பினச் சமயப் பேரறிஞர் இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் உரையாற்றிய பின், இந்து ஒருவர் அவரைத் தனியே அழைத்து, உம் மக்களை அடிமைகொண்டோரின் சமயத்தை ஏற்று நீர் இங்கு வந்து நிற்பது எவ்வாறு என்னுங் கருத்துப்பட வினவினார். அவ்வினா தேர்மனை விடவில்லை. 1949இல் அவர் வெளியிட்ட 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' எனப் பொருள்படும் நூல் அவ்வினாவை எடுத்துரைத்தே தொடங்குகின்றது. குடியுரிமைப் போராளர் பலருக்கு வழிகாட்டிய நூல் அது. கிங்கும் அதனாற் பயன்பெற்றவரே. தேர்மன் 1936இல் காந்தியடிகளைக் கண்டு உரையாடினார். அவ்வடிகளின் நெறியை நாடி 1959இல் கிங் தாமே இந்தியா சென்றார். அங்கே திருவனந்தபுரத்துப் பாடசாலையொன்றின் அதிபர், தீண்டத்தகாதோர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைகள் முன்னிலையில், இவரும் அமெரிக்காவிலிருந்து வந்த உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவரே என்று அறிமுகஞ் செய்தாராம். முதலில் அது தம்மைத் துணுக்குறச் செய்ததென்றும், பின்னர் எண்ணிப் பார்த்து உண்மையென ஏற்றுக்கொண்டாரென்றும் 1965இல் ஆற்றிய உரையொன்றில் அவரே கூறியுள்ளார்.

அந்த அறிமுகம் நமது மண்ணுக்கும் உரியது. 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையைக் கடிந்து பேசினார். அவரை வரவேற்பதில் முன்னின்றோர் நமது இளைஞர் காங்கிரசார். அதனையடுத்த ஆண்டுகளில் நமது பாடசாலைகளிற் 'சம ஆசனம்' என்பது பெரும் பிணக்காய் எழுந்தது. ஒரு பிள்ளை வாங்கிலிருக்க இன்னொரு பிள்ளை நிலத்திலிருக்க வேண்டுமா என்பதே பிணக்கு. பார்ம்வில்லில் நடந்தது அந்நியர் கதை என்று நம்மிற் சிலர் எண்ணுவராயின், இச்சொல்லை அவர்கள் கேட்டிலர் என்றே கொள்ளல் வேண்டும். பொது இடங்களில் இவ்வாறான வேற்றுமையைக் குற்றமாக்குஞ் சட்டம் 1957இலேதான் நம் நாட்டில் இயற்றப்பட்டது.

யூபிலி ஆண்டிலே கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைத்தல் மரபு, அவ்வாறே செய்க. அதனோடு, அதிபர் அவர்கள் இசைவாராயின், மேல்வகுப்பு மாணவர் சிலர் பழைய சேர்விடாப்பையும் சம்பவத் திரட்டையும் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிற் படித்து, எவ்வாண்டில் எவ்வூர்ப் பிள்ளைகள் இங்கு சேர்க்கப்பட்டனர், எவர் சேர்க்கப்படவில்லை என்பதைக் குறித்தெடுத்தல் நன்று. பெயர்களை வெளியிட வேண்டுவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கு கற்ற பழைய மாணவர் பலர் இன்றும் நம்மிடையே உளர். வாங்குகள் எவ்வாறு இடப்பட்டிருந்தன, தண்ணீர்க் குடத்தை எவர் தொடலாம் என்பன அவர்கள் நினைவிலுள்ளன. அவர்கள் மூன்றாந் தவணை முடியுமுன் ஒரு நாள் வந்து, மேடையிலன்றி வகுப்பறையில் அமர்ந்து, அவற்றை மாணவருக்குச் சொல்லுவார்களாயின், அந்நாளுக்குரிய பாடவேளைகளை ஒழுங்குசெய்து தரத் தமிழ்ப் பகுதியார் ஆயத்தமாயுள்ளோம்.