என் பிழை நோட்டு

ஈய எழுத்து கோத்த காலத்தில் அச்சகத்துக்குள் நுழைந்து, கணினி வந்த பிறகும் மெய்ப்புப் பார்த்தவன் நான். “இலக்கணமே வராது ஐயா” என்று வந்து நிற்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

1. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் எழுத்தை யாராவது திருத்தித் தந்தால் பிழையை இடப்பக்கமும் திருத்தத்தை வலப்பக்கமும் குறித்துவையுங்கள். ஒரு மாதம் போனால், அதே பத்துப் பிழைகள் வேஷம் மாற்றிக்கொண்டு வருவது தெரியும். நன்னூலில் 462 சூத்திரங்கள் உண்டு. அவற்றை நினைத்து மலைக்க வேண்டாம். முதலில் உங்கள் பத்தைப் பிடியுங்கள். என் நோட்டின் முதல் வரி ‘சுவற்றில்’. கிணறு என்பதால் கிணற்றில்; சுவர் என்பதால் சுவரில். இரண்டாவது ‘முயற்சிக்கிறேன்’. முயல்கிறேன் என்றோ முயற்சி செய்கிறேன் என்றோ எழுத வேண்டும். பூவைக் கோர்ப்பதில்லை, கோப்பதுதான் சரி.

2. ஒற்றுக்குப் பயந்து எழுதாமல் இருக்காதீர்கள். ஆனால் கொஞ்சம் பயம் இருக்கட்டும். ஒரு தேர்தல் சமயம். ‘படித்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுப்போம்’ என்ற வரியில் எப்படியோ ஒரு ‘க்’ புகுந்து ‘வேலைக் கொடுப்போம்’ ஆகிவிட்டது. வேல் + ஐ. நோட்டீஸ் ஊருக்குள் போன பிறகு ஒரு தமிழாசிரியர் வந்து, “ஆளுக்கு ஒரு வேல் தரப் போகிறார்களா?” என்று கேட்டார். அந்த மெய்ப்பில் கையெழுத்துப் போட்டவன் நான்.

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும், ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். அந்தப் பையன், வீட்டைக் கட்டினான், ஊருக்குப் போனான். பல, சில, வந்த, போன என்பவற்றுக்குப் பின் மிகாது. வாய்விட்டுப் படித்தால் பாதியைக் காதே சொல்லிவிடும்.

3. வாக்கியம் நீண்டால் எழுவாயையும் வினைமுற்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ‘தெருவோர மரங்களின் நிழல் சாலையில் நீண்டு கிடந்தன’ என்று நன்றாக எழுதுகிறவர்களே எழுதுகிறார்கள். நீண்டு கிடந்தது நிழல். ‘ஒவ்வொரு’ வந்தால் பன்மை வேண்டாம், ஒவ்வொரு வீடும்.

4. ஓலைச்சுவடியில் கமா கிடையாது. அச்சு வந்த பிறகுதான் இந்தக் குறிகள் நம்மிடம் நிலைபெற்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றைக் கவனமாகக் கையாண்டார். குறி செய்யும் வேலையில் பாதியை நம் விகுதிகளே செய்துவிடுகின்றன. ‘அண்ணனும் தம்பியும் வந்தார்கள்’ என்பதில் கமாவுக்கு என்ன வேலை? வேலை உள்ள இடம் வேறு:

அவள் அழுதுகொண்டே, ஓடிய குழந்தையைப் பார்த்தாள்.
அவள், அழுதுகொண்டே ஓடிய குழந்தையைப் பார்த்தாள்.

முதல் வரியில் அழுவது தாய், இரண்டாவதில் பிள்ளை. மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம்.

5. ஆச்சரியக்குறி ஒன்று போதும். மூன்று போட்டிருந்தால் இரண்டை அடித்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

6. ‘எப்போது வருவான் என்று தெரியவில்லை’ என்பது கேள்வி இல்லை. முற்றுப்புள்ளி வையுங்கள்.

7. இடைவெளியும் ஒரு குறிதான். ‘நான்கூட வருகிறேன்’ என்றால் நானும் வருகிறேன். ‘நான் கூட வருகிறேன்’ என்றால் துணைக்கு வருகிறேன்.

8. பிழைதிருத்தி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதனிடம் தீர்ப்பை விட்டுவிடாதீர்கள். தந்த பலகை, ஒருவர் கொடுத்தது. தந்தப் பலகை, யானைத் தந்தத்தில் செய்தது. இரண்டும் பிழையில்லாத தமிழ். எது உங்கள் கதையில் வரும் பலகை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

9. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ சண்டையில் இறங்காதீர்கள். அறிஞர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள். என் ஓட்டு ‘வாழ்த்துகள்’.

10. நோட்டு தீர்ந்தால் இன்னொன்று வாங்குங்கள். என்னிடம் இப்போது இருப்பது ஐந்தாவது. போன மாதம் அதில் ஏறிய சொல் ‘பதட்டம்’. பதற்றம் என்று எழுத வேண்டும்.