சாரல் காலமும் சீதபேதியும்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் விழத் தொடங்கியதும், குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட மக்கள் வந்து குவிகின்றனர். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் அன்பர்களும் வருகின்றனர். வருவோர் ஓரிரு நாள் தங்கிச் சென்றுவிடுவர். அவர்கள் விட்டுச் செல்லும் கழிவு இங்கேயே தங்குகிறது. அருவி நீரோ சிற்றாறாகித் தென்காசி வழியே நம் வயல்களுக்கு வருகிறது. ஆதலின் இவ்வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் சீதபேதியைப் பற்றிச் சிறிது விரிவாகவே அறிந்திருத்தல் நலம்.

சீதபேதி பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று பாக்டீரியாவினால் வருவது. காய்ச்சலுடன் திடீரெனத் தாக்கும். மற்றொன்று அமீபா என்னும் ஓரணு உயிரினால் வருவது, மெல்லத் தோன்றும். வயிறு கடுக்கும், சளியும் இரத்தமும் கலந்து மலம் போகும், சில நாள் நின்று மீண்டும் தொடங்கும். பெருங்குடலின் சுவரைப் புண்ணாக்கும் இவ்வுயிர், இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்குவதும் உண்டு. வலப்பக்க விலாவின் கீழ் வலியும் காய்ச்சலும் கண்டால், பேதி இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்து.

குடலில் வாழும் அமீபாக்களுள் பல, தம்மைச் சுற்றி உறை அமைத்துக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றன. இவ்வுறை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஆயினும், ஈர மண்ணிலும் நீரிலும் பல நாள் உயிருடன் கிடக்கும். நன்கு காய்ந்தால் மாளும். கொதிக்கும் நீரில் மாளும். ஆனால் குடிநீர்த் தொட்டியில் வழக்கமாக இடும் பிளீச்சிங் பவுடரின் அளவு இதனைக் கொல்லும் என்று நம்புவதற்கில்லை. பவுடர் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. காலராவுக்கும் டைபாய்டுக்கும் அது காவல். பவுடர் போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதியதும் கடமை முடிந்ததென்று கருதுவதே பிழை.

1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கு இரு ஹோட்டல்களில் குழாய்க் கோளாற்றினால் கழிவுநீர் குடிநீரிற் கலந்தது. இந்நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகுமாதலால், விருந்தினருள் பலர் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே படுக்கையில் வீழ்ந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 98 பேர் மாண்டனர். சாரலுக்கு வந்து சென்ற ஒருவர் தம் ஊரில் இங்ஙனம் நோயுற்றால், அச்செய்தி நம் செவிக்கு எட்டவே எட்டாது.

நம் கிராமங்களில் அத்தகைய ஹோட்டல் குழாய்கள் இல்லை. குழாயடிப் பள்ளம் உண்டு! நீர் விரைந்து வரவேண்டுமென்று தெருக்குழாயைத் தரைக்குக் கீழே இறக்கிவிடுகிறோம். பள்ளத்தில் சேறு தேங்குகிறது. குழந்தையின் துணியும் அங்கேயே அலசப்படுகிறது. தொட்டியை மூடியதும் வெறுங்குழாய் அச்சேற்று நீரை உள்ளே இழுக்கும். மறுநாள் முதற்குடத்தில் வருவது அந்நீரே. சாக்கடையினூடே செல்லும் வெடித்த குழாய்க்கும் இக்கதியே. செப்டிக் டேங்க் லாரியை வயலோரத்தில் கொட்டவிடும் விவசாயி, உரம் இலவசமாகக் கிடைத்ததென்று மகிழ்கிறார். அவ்வயலின் கீரையும் மல்லித்தழையும் சந்தைக்குப் போகின்றன.

தொற்றுக் கொண்டவருள் பத்தில் எட்டொன்பது பேருக்கு ஒரு துன்பமும் தோன்றுவதில்லை. ஆயினும் அவர்தம் மலத்தில் உறைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அவர் சமையற்காரராயின், மலங்கழித்தபின் சோப்பினால் கை கழுவாமல் அவர் பிசையும் மாவே நோய்க்கு வழி.

மருந்து விஷயத்தில் நாமும் குற்றவாளியே. ஒருமுறை மூன்று நாள் மாத்திரை உண்டு, இரத்தம் நின்றதும் எஞ்சியவற்றை அலமாரியில் வைத்துவிட்டோம். ஒரு மாதத்தில் நோய் திரும்பிற்று. மெட்ரோனிடசோல் குடற்சுவரில் புகுந்த அமீபாவைக் கொல்லும். குடலினுள் எஞ்சும் உறைகளை ஒழிக்க டைலாக்சனைடு போன்ற இரண்டாம் மருந்து தேவை. இரண்டையும் மருத்துவர் கூறும் நாள்வரை உண்ணவேண்டும். மலப் பரிசோதனைக்குக் கொடுப்பதாயின், நீரோ சிறுநீரோ கலவாமல், சுத்தமான உலர்ந்த டப்பாவில், அரைமணி நேரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்க முயலுங்கள். ஆறிப்போனால் அமீபாவின் அசைவு தெரியாது.

ஜூன் மாதத்தில் சாரல் தொடங்கும். குழாயடிப் பள்ளங்களை மூடுதல், கசியும் குழாய்களை மாற்றுதல், குடிநீர்க் கிணற்றுக்கு ஐம்பதடிக்குள் இருக்கும் கக்கூஸ் குழிகளைக் கணக்கெடுத்தல் ஆகிய மூன்றையும் ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே தீர்மானத்தில் சேர்த்தால், மே மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும்.