மழைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

ஐப்பசி பிறந்தால் தாம்பரம் பக்கத்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் யாருக்கும் போனைக் கீழே வைக்க மனம் வராது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடு புகுந்த இடங்கள் அல்லவா! ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் மழைச் செய்திகள் பலவற்றுக்குத் தேதியே இருப்பதில்லை. ஏரி நிரம்பியது இன்றைக்கா, போன வருடமா? இந்தக் குழப்பத்தில் நீ மாட்டக் கூடாது என்றுதான் செய்தியோடையைப் பற்றி எழுதுகிறேன்.

பல செய்தித் தளங்கள் நம் கண்ணில் படாத ஒரு சிறு கோப்பை வைத்திருக்கின்றன. புதிதாக வந்தவற்றின் தலைப்பு, இணைப்பு, பெரும்பாலும் வெளியான நேரமும் அதில் இருக்கும். அதுதான் செய்தியோடை. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்.எஸ்.எஸ். முறை இது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலியில் அந்த ஓடையின் முகவரியைச் சேர்த்துவிடு. புதியதை அதுவே எடுத்து வரும். செய்தித் தளத்துக்கு உன் போன் நம்பர்கூடத் தர வேண்டாம்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி ஓடைகளை வைத்துத்தான் இயங்கியது. உலகெங்கும் தமிழில் எழுதியவர்களை ஒரே பக்கத்தில் படிக்க முடிந்தது. அந்தக் காலத்துத் தமிழ் இணையத்தை வளர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

‘தி இந்து’ நாளிதழ் சென்னைச் செய்திகளுக்கென்றே தனி ஓடை தருகிறது. தாம்பரம், பல்லாவரம் செய்திகளும் அதில் வரும். முதலில் அதைச் சேர். வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளம் என்றால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார். பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடும். ஐந்தாறு தளங்கள் போதும். ஐம்பதைச் சேர்த்தால் எதையும் படிக்க மாட்டாய்.

ஒன்றை மறக்காதே. செயலி இடைவெளி விட்டுத்தான் போய்ப் பார்க்கும். தண்ணீர் ஏறும் நேரத்தில் அதை நம்பி உட்காராதே. போனுக்கு வரும் அரசு எச்சரிக்கையைக் கவனி.

செயலிகளும் நிரந்தரமில்லை. கோடிக்கணக்கானோர் அறிந்த கூகுள் நிறுவனமே தன் ‘ரீடர்’ சேவையை 2013 ஜூலை 1-இல் மூடியது. அதனால் உன் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கி வைத்துக்கொள். நாளை வேறு செயலிக்கு மாறினாலும் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சித்தப்பா