காசநோய்: புதிய தடுப்பூசியும் நமது கடமையும்

நம் பிள்ளைகளின் கையில் சிறு தழும்பை விட்டுச்செல்லும் பி.சி.ஜி. தடுப்பூசி, 1921இல் பாரிஸ் நகரில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. மூளை உறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது சிறுவரைக் காக்கிறது. வளர்ந்தோரின் நுரையீரலைக் காக்கும் வலு அதற்குக் குறைவு. நோய் பரவுவதோ பெரும்பாலும் வளர்ந்தோரின் இருமலால்தான்.

இக்குறையை நீக்க எழுந்ததே எம்72 என்னும் புதிய தடுப்பூசி. கென்யா, தென்னாபிரிக்கா, சாம்பியா நாடுகளில், கிருமி உடலில் உறங்கிக் கிடந்த வளர்ந்தோருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். மூன்றாண்டுகளில் அவர்களிடையே நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2019இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 20,000 பேருக்கான இறுதிக்கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது.

அதன் பயன் நம் கிராமத்தை எட்டும்வரை நாம் சும்மா இருக்கலாமா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். ஆறு மாத மருந்தை அவர் இடைநிறுத்தாதிருக்கத் துணைநிற்போம். நோயை விலக்குவோம்; நோயாளியை அல்ல.