வங்கி வாசலில் வரிசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வங்கி முறிவு பற்றி நம்மவர்களிடம் உறுதியான சில நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் பல தவறானவை. மாத்தளையின் சொந்த வரலாறே அவற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"வங்கியை விழுத்துவது வதந்திதான்."

வதந்தி கடைசியில் வந்து சேர்வது. 1884 மே 3ஆம் திகதி ஒரியண்டல் வங்கி முறிந்தது. அதன் வேர் 1869இல் கோப்பிச் செடியில் கண்ட துரு நோயில் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படியும்; தொட்டால் விரலில் ஒட்டும். பிறகு இலை உதிரும், காய்ப்பு குறையும். மாத்தளை உட்பட மலைநாட்டுத் தோட்டங்களில் இது கண்ணெதிரே நடந்தது. ஆனாலும் கோப்பி விலை நன்றாக இருந்ததால் 1870களிலும் காடு வெட்டிப் புதுத் தோட்டம் போட்டார்கள், தோட்டத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். அப்படிக் கொடுத்த பெரிய வங்கி ஒரியண்டல். வைப்பாளர் கேட்டதும் கொடுக்கவேண்டிய காசை, பல வருடம் கழித்துத் திரும்பும் கடனில் முடக்கியிருந்தது. கோப்பி செத்ததும் ஈட்டுக் காணியை வாங்க ஆளில்லை. பல தோட்டங்களில் தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது.

"வரிசையில் போய் நிற்பவர்கள் விபரம் தெரியாதவர்கள்."

இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. எந்த வங்கியும் வைப்புப் பணம் முழுவதையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. முந்தி வந்தவருக்குக் கிடைக்கும், பிந்தி வந்தவருக்குக் கிடைக்காது என்ற நிலையில் ஓடிப்போய் நிற்பதுதான் தனியாளுக்குப் புத்தி. எல்லாரும் அப்படியே செய்யும்போது நல்ல வங்கியும் தள்ளாடும். "அமைதியாக இருங்கள்" என்ற புத்திமதியால் அது நிற்காது. வசதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். 1884இல் அரசாங்க நோட்டு கிடையாது. வங்கிகளின் நோட்டுத்தான் கைமாறியது. ஒரியண்டல் முறிந்ததும் ஆளுநர் ஆர்தர் கோர்டன், லண்டன் அனுமதிக்குக் காத்திராமல், ஒரியண்டல் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். பீதி தணிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசே நோட்டு வெளியிட்டது. ஆனால் அந்தப் பொறுப்பு நோட்டுக்கு மட்டுமே; வைப்புக்கு இல்லை.

"இதெல்லாம் பணக்காரர் பிரச்சினை."

1847இல் பிரித்தானியாவில் நிதி நெருக்கடி வந்தது. கோப்பி விலை சரிந்தது. இலங்கை அரசின் வருமானம் குறைந்தது. ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். வீதி வேலைக்கு ஆண்டுக்கு 6 நாள் உழைப்பு, இல்லாவிட்டால் 3 சிலிங். வங்கி வாசலையே பார்த்திராத விவசாயிகள் 1848 ஜூலையில் மாத்தளையில் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2023இலும் இதே கதைதான். ஜூன் 30ஐ வங்கி விடுமுறையாக்கி, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோது வங்கி வைப்பை நினைத்து மக்கள் பயந்தார்கள். வைப்பில் கை வைக்கவில்லை. சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதியின் பிணைமுறிகளில், அதாவது தோட்டத் தொழிலாளி உள்ளிட்ட ஊழியர்களின் ஓய்வுக்காலப் பணத்தில். அதைப் பற்றிக் கேட்க வேண்டிய அளவுக்கு நாம் கேட்கவில்லை.

"ஒரு கம்பனி விழுந்தால் அதோடு சரி."

2008 டிசம்பரில் செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ நிறுவனம் வைப்பாளருக்குப் பணம் கொடுக்க முடியாமல் நின்றது. அதே குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியில் மக்கள் காசு எடுக்கத் திரண்டார்கள். அந்த மாத இறுதியில் மத்திய வங்கி அதன் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் தப்பியது, இன்றும் இயங்குகிறது. கோல்டன் கீ வைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். வங்கிக்குப் பின்னால் மத்திய வங்கி நின்றது. வைப்பு ஏற்க அனுமதியே இல்லாத கம்பனிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

கூடுதல் வட்டி தருகிறோம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், 2021இல் உயர்த்திய வரம்பின்படி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அதற்கு மேல் உள்ள காசை ஒரே இடத்தில் போடாதீர்கள்.