உயர்திறன் சூரியத் தகடு: எங்கே கூடுதல் விலை கொடுக்கலாம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் சூரியசக்தி பம்புசெட் அமைக்க நினைக்கும் உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சென்ற பங்குனியில் இராசிபுரம் அருகே ஒரு மரவள்ளித் தோட்டத்திலும் அதே கேள்விதான். "16 சதவீதத் தகட்டுக்குப் பதில் 22 சதவீதத் தகடு போட்டால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கூடுதலாக வருமாமே, உண்மைதானா?" விற்பனையாளர் சொன்ன கணக்கை நாட்காட்டியின் பின்புறம் குறித்து வைத்திருந்தார் அவர். அந்தக் கணக்கு தவறு.

திறன் என்பது என்ன?

ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் 1,000 வாட் வெயில் விழும்போது, அதில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதே திறன். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் முதன்முதலில் செய்துகாட்டிய சிலிக்கான் மின்கலத்தின் திறன் சுமார் 6 சதவீதம். இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 21, 22 சதவீதத்தைத் தொடுகின்றன.

இதை நீங்களே சரிபார்க்கலாம். 550 வாட் தகடு ஒன்று 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் இருந்தால், பரப்பு சுமார் 2.58 சதுர மீட்டர். அதில் விழும் வெயில் 2,580 வாட். கிடைப்பது 550 வாட். ஆகவே திறன் 21 சதவீதத்துக்குச் சற்று மேல்.

5 குதிரைத்திறன் பம்புக்கு வழக்கமாக 4,800 வாட் தகடுகள் அமைக்கிறார்கள். 16 சதவீதத் தகடானால் 30 சதுர மீட்டர் வேண்டும். 22 சதவீதமானால் சுமார் 22 சதுர மீட்டர் போதும். வாட் இரண்டிலும் ஒன்றே. தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றே. மிச்சமாவது 8 சதுர மீட்டர் இடம், அதாவது ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. தாங்கும் சட்டத்தில் கொஞ்சம் இரும்பும் மிச்சமாகும். வரப்பு ஓரத்தில் இடமுள்ள தோட்டத்தில் இதற்காக அதிக விலை கொடுப்பது வீண் செலவு.

வெயிலும் வெப்பமும் ஒன்றல்ல

தகட்டுக்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. தகட்டில் அச்சிட்ட வாட் அளவு 25 டிகிரியில் சோதித்தது. நம் பகுதியில் சித்திரை நடுப்பகலில் காற்றின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது தகடு 65 டிகிரி வரை சுடும். பழைய பாலி வகை, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.40 சதவீத மின்சாரத்தை இழக்கிறது. 40 டிகிரிக்கு 16 சதவீதம் போய்விடும். டாப்கான் வகையில் இழப்பு டிகிரிக்குச் சுமார் 0.30, ஹெட்டரோஜங்ஷன் வகையில் ஏறத்தாழ 0.25. டாப்கானில் உச்சி வேளையில் 4,800 வாட்டுக்கு 190 வாட் அளவு கூடுதலாக நிற்கும். காலையிலும் மாலையிலும் இந்த ஆதாயம் குறையும். எனவே விவரத்தாளில் திறன் சதவீதத்தைவிட 'வெப்பக் கெழு' என்ற வரியைத் தேடுங்கள். விற்பவர் அந்தத் தாளைக் காட்டத் தயங்கினால் வேறு கடை பார்ப்பது நல்லது.

உயர்திறனுக்கு உரிய இடம் கூரை. நாமக்கல் கோழிப்பண்ணையாளர் தீவன அரைவைக்கு மின்கட்டணம் செலுத்துகிறார். கூரையில் 100 சதுர மீட்டர்தான் பயன்படும் என்றால், 16 சதவீதத் தகடு 16 கிலோவாட் தரும். 22 சதவீதத் தகடு 22 கிலோவாட் தரும். அங்கே கூடுதல் விலை திரும்பி வரும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்காகப் போட்ட சட்டம் தகட்டின் எடையையும் கோடைச் சூறைக்காற்றையும் தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். இறகுத் தூசியும் தீவனத் தூசியும் தகட்டில் படியும். விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் வெள்ளைக் கறை விடும். அந்த நீரில்தான் கழுவ வேண்டுமென்றால் உடனே துணியால் துடைத்துவிடவேண்டும்.

முதலில் கிணற்றைக் கேளுங்கள்

தகட்டைவிட முக்கியமானது நீர்மட்டம். 1,000 லிட்டர் நீரை 300 அடி தூக்க, மோட்டார், பம்பு இழப்புகளைச் சேர்த்து, அரை யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. தெளிந்த நாளில் 4,800 வாட் அமைப்பு 20 யூனிட் அளவு தரும். ஆக 300 அடியில் சுமார் 36,000 லிட்டர் கிடைக்கும். 600 அடியில் அதில் பாதிதான். எந்த உயர்திறனும் இந்தப் பாதியை ஈடுசெய்யாது.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் சூரியசக்தி பம்புசெட்டுகள் அமைத்துத் தந்துள்ளது. பாசன மின்இணைப்புக்குக் காத்திருப்பவருக்கும் டீசல் எஞ்சின் ஓட்டுபவருக்கும் இது பெரிய உதவி. இலவச மின்சாரம் ஏற்கெனவே உள்ளவருக்குப் பணம் மிச்சமில்லை. இரவில் மடை திருப்பும் தொல்லைதான் குறையும். ஆனால் வெயில் உள்ளவரை பம்பு ஓடும் என்பதில் ஓர் அபாயமும் உண்டு. நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட ஒன்றியங்கள் பல. குஜராத்தின் துண்டி கிராமத்தில் உழவர்கள் கூட்டுறவு அமைத்து உபரிச் சூரிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். தேவையின்றி நீர் இறைத்தால் வருமானம் குறையும் என்ற நிலை அங்கே உண்டாயிற்று. அந்த வசதி இல்லாத இடத்தில் சொட்டுநீர்ப் பாசனம்தான் கடிவாளம்.

விண்ணப்பிக்கும் முன், சித்திரை, வைகாசியில் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று கயிறு விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பம்பின் தூக்கு உயரத்தை அந்த அளவுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்; மழைக்காலத்து அளவை வைத்து அல்ல.