பரணில் இருந்த ரிவால்வர்: வயது மட்டும் காப்பாற்றுமா?

கேள்வி: நரிக்குடி பக்கத்தில் எங்கள் பூர்வீக ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. எட்டுப் பட்டைக் குழல், ஐந்து தோட்டா போடும் உருளை, உருளைக்குப் பின்னால் வலப்பக்கம் திறந்து மூடும் சின்னக் கதவு. துருவேறி உருளை சுற்ற மறுக்கிறது. கூடவே பச்சை பூத்த மூன்று தோட்டாக்கள். படத்தைப் பார்த்த மதுரைக்காரர் ஒருவர், கேப் வைத்துச் சுடுகிற காலத்துத் துப்பாக்கியைப் பிற்பாடு தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள், சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள், ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தால் இன்னும் கூடும் என்கிறார். அருப்புக்கோட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாமா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளுக்கும் லைசென்ஸ் வேண்டுமா? தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்ததாக அப்பா சொல்வார். காகிதம் ஒன்றும் கையில் இல்லை.
— வாசகர், நரிக்குடி

பதில்: பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். விலைப் பேச்சையும் இன்றோடு நிறுத்திவையுங்கள். அந்த ரிவால்வரை இருக்கிற இடத்திலேயே, இருக்கிற நிலையிலேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதுதான் உங்கள் முதல் வேலை. இவ்வளவு பழைய பொருளுக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றும். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒரு துப்பாக்கியின் வயதை முதலில் பார்ப்பதில்லை. அது இன்னும் சுடுமா, பழுது பார்த்தால் சுடுமா என்பதைத்தான் பார்க்கிறது. மதுரைக்காரர் எந்த அம்சத்துக்காக அதிக விலை போகும் என்கிறாரோ, அதே அம்சம்தான் சட்டத்தின் விலக்கை உங்களிடமிருந்து தள்ளிவைக்கிறது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ரிவால்வர்களில் உருளையின் ஒவ்வொரு அறையும் பின்பக்கம் மூடியிருக்கும். முன்பக்கமாகக் கரிமருந்தையும் ஈயக் குண்டையும் இடித்து அடைத்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனையில், சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றைச் செருக வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் 1856-இல் எடுத்துக்கொண்ட போமான்ட்–ஆடம்ஸ் அந்த வகை: ஐந்து அறை, எட்டுப் பட்டைக் குழல். மருந்து, குண்டு, கேப் மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கிய தோட்டா வந்ததும், நல்ல நிலையில் இருந்த பழைய துப்பாக்கிகளைத் தூக்கி எறிய யாருக்கும் மனமில்லை. ஜான் ஆடம்ஸின் 1867-ஆம் ஆண்டுக் காப்புரிமையை ஒட்டி, அறைகள் பின்புறமும் திறந்த உருளையைப் பொருத்தி, தோட்டாவை நுழைக்க வலப்பக்கம் ஒரு கதவும், வெற்று உறையைத் தள்ள ஒரு கம்பியும் வைத்து, .450 தோட்டா போடும்படி மாற்றினார்கள். அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. அங்கே பின்புறம் திறந்த உருளைக்கான காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில் இருந்ததால், 1869-இல் அது காலாவதியாகும்வரை கோல்ட் நிறுவனம் காத்திருந்து, பிறகு தன் பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆடம்ஸ் மாற்று வகையோடு ஒத்துப்போகின்றன. எனினும் அதன் மேலுள்ள முத்திரைகளையும் எண்களையும் தேர்ந்தவர் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இப்போது சட்டம். துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது 3-ஆம் பிரிவு. இந்தச் சட்டமே பொருந்தாத இனங்களை 45-ஆம் பிரிவு சொல்கிறது. அதன் (c) உட்பிரிவு, வழக்கொழிந்த மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதடைந்தது என்று மூன்று வகைகளைச் சொல்லி, பழுது பார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்பட இயலாத ஆயுதம் என்று முடிகிறது. இந்தக் கடைசி நிபந்தனை எதைக் கட்டுப்படுத்துகிறது? மூன்று வகைகளையுமா, ஒட்டி நிற்கும் பழுதடைந்ததை மட்டுமா? ஒரு வழக்கறிஞர் உங்களுக்காக நின்று, கடைசிச் சொல்லோடு ஒட்டியிருக்கும் தொடர் அதை மட்டுமே தழுவும், தொல்பொருள் என்று நிரூபித்தால் போதும் என்று வாதிடலாம். அது அபத்தமான வாதமல்ல. ஆனால் அந்த வாசிப்பை ஏற்றால், எண்ணெய் போட்டு இன்றைக்கும் பளிச்சென்று சுடுகிற ஒரு விக்டோரியா காலத்து ரிவால்வரை யார் வேண்டுமானாலும் இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்றாகும். அதிலிருந்து கிளம்பும் குண்டுக்குத் தன் வயது தெரியாது. மக்களின் பாதுகாப்புக்காக வந்த சட்டத்தில் பாராளுமன்றம் அப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தது என்று சொல்வது கடினம். ‘பழுது பார்த்தோ பார்க்காமலோ’ என்று மெனக்கெட்டுச் சேர்த்திருப்பதே, இன்று ஓடாதது நாளை ஓடிவிடக் கூடாது என்ற கவலையைக் காட்டுகிறது. ஆகவே நிபந்தனை மூன்றுக்கும் உரியது என்பதே என் வாசிப்பு. மாற்று வாசிப்பு குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குத் தற்காப்பாக உதவலாம். கூண்டுக்கு வெளியே இருப்பவர் அதை நம்பித் துணியக் கூடாது.

இந்த அளவுகோலை உங்கள் ரிவால்வர் மேல் வைத்துப் பாருங்கள். குழல் வெடித்து, உருளை பொடிந்து, துப்பாக்கியின் உடற்சட்டகம் விரிசல் விட்டிருந்தால் விலக்குக்கு வலு உண்டு. உருளை துருவால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் அந்த நிலை அல்ல. சில நாள் எண்ணெயில் ஊறினால் சுற்றத் தொடங்கிவிடும். பட்டறைக்காரர் சரிசெய்து தருகிறேன் என்கிறார் என்றால், அது பழுது பார்க்கத்தக்கது என்பதற்கு அவரே சாட்சி. மாற்றப்படாமல் கேப் துப்பாக்கியாகவே இருந்திருந்தால், வழக்கொழிந்த மாதிரி என்றாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். தோட்டாவுக்கு மாற்றிய அன்றே அது நவீன ரிவால்வரின் வேலை முறைக்குள் வந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. .455 தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய ரிவால்வர்களை ஆயுத விதிகளின் முதல் அட்டவணை கட்டுப்படுத்தப்பட்ட முதல் வகையில் வைத்திருக்கிறது. அதற்கான லைசென்ஸ் மாவட்ட ஆட்சியர் தருவதல்ல, மத்திய உள்துறை தருவது. யாராவது ஒரு காலத்தில் அறையைச் சற்றே அகலப்படுத்தியிருந்தால்கூட நிலைமை மாறிவிடும். எனவே தடய அறிவியல் நிபுணரோ காவல்துறை ஆயுதப் பிரிவினரோ அளந்து பார்க்காமல் எதையும் முடிவுசெய்ய முடியாது.

இந்தத் தோட்டா கடையில் கிடைப்பதே இல்லையே, பிறகு எப்படிச் சுடும் என்று கேட்பீர்கள். சட்டம் கேட்பது ஆயுதத்தின் திறனை. தோட்டா கிடைக்கிறதா என்பதை அல்ல. கியூரியோ (அரும்பொருள்) வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அரசே அறிவித்ததே என்றும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். சொல்வதில் பாதி உண்மை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 2020 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, கியூரியோ வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை. அதே திருத்தம், அவற்றைப் பயன்படுத்தவோ எடுத்துச்செல்லவோ உரிய லைசென்ஸ் வேண்டும் என்கிறது. லைசென்ஸில் அந்தத் துப்பாக்கியைக் குறிக்காதவரை அதற்குத் தோட்டா விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. தோட்டாவைப் பற்றிப் பேசுவதாலேயே, கியூரியோ என்பது சுடக்கூடியதாகவும் இருக்கலாம் என்று விதி ஒப்புக்கொள்கிறது. ஆக, அது 45-ஆம் பிரிவிலிருந்து வேறான வழி. அந்த வழி உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடும். உங்கள் மனுவில் அதைக் கட்டாயம் கோருங்கள். ஆனால் இது கியூரியோதான் என்று நீங்களே முத்திரை குத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட முடியாது. நாளை சோதனை வந்தால் அதை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதமாவது கையில் வேண்டும். பையில் போட்டு மதுரைக்கு பஸ் ஏறினால் அந்தச் சலுகையும் கூட வராது.

அந்த மூன்று தோட்டாக்களை மறந்துவிடாதீர்கள். 45(c) பேசுவது ஆயுதத்தைப் பற்றி. தோட்டாவை அது காப்பாற்றாது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் எரியும். பச்சை பூத்திருப்பது பித்தளை உறையின் வெளிப்புறம்தான். தேய்க்கவோ, பிரிக்கவோ, வெயிலில் உலர்த்தவோ வேண்டாம். உருளைக்குள் வேறு தோட்டா சிக்கியிருக்கலாம் என்ற நினைப்போடு, விசையையும் சுத்தியலையும் தொடாமல் விடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் அந்த அறைப்பக்கம் போக வேண்டாம்.

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பலர் தெரியாமல் சிக்குகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தக்க சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும், மாற்றுவதும், விற்பதும் 5-ஆம் பிரிவை மீறிய குற்றம். அதற்கு 7 ஆண்டிலிருந்து ஆயுள் தண்டனை வரை. டிராக்டர் உதிரிபாகம் கடைந்து பிழைக்கும் ஒரு பட்டறைக்காரரை இதில் இழுத்துவிடுவது நியாயமில்லை. இதற்கு நேர் எதிரான யோசனையையும் யாராவது சொல்வார்கள்: குழலை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் 45-க்குள் வந்துவிடுமே என்று. அதுவும் வேண்டாம். பரிசோதனைக்கு முன் பொருளின் நிலையை மாற்றினால் சாட்சியத்தைச் சிதைத்ததாகச் சந்தேகம் வரும். சேகரிப்பு மதிப்பும் அன்றோடு போயிற்று. இந்த வகைத் துப்பாக்கியில் மதிப்பு என்பது பளபளப்பில் இல்லை. மாற்றியபோது குத்திய முத்திரை, குழலிலும் உருளையிலும் ஒத்துப்போகும் எண்கள், தேயாத விளிம்புகள், காலப்போக்கில் படிந்த பழுப்பு ஆகியவற்றைத்தான் தேர்ந்தவர்கள் பார்ப்பார்கள். உப்புத்தாள் போட்டு ஒரு முறை தேய்த்தால் அத்தனையும் அழிந்துவிடும். தொடாமல் விடுவது சட்டத்துக்கும் நல்லது, பொருளுக்கும் நல்லது.

தாத்தாவின் சொத்து, அதைக் கேட்க இவர்கள் யார் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பது புரிகிறது. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அவர்களை 1801 அக்டோபரில் தூக்கிலிட்ட கம்பெனி அரசு, அதே டிசம்பரில் இந்தச் சீமை முழுவதும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டது. அந்த மண்ணில் ஆயுதத்தை மானத்தோடு சேர்த்துப் பார்க்கும் உணர்வு நியாயமானதே. ஆனாலும் உடைமை வேறு, கைவசம் வைத்திருக்கும் உரிமை வேறு. ரிவால்வர் வாரிசுகளுக்குச் சொந்தமாகலாம். தாத்தாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. 2016 விதிகளின் 25-ஆம் விதி, லைசென்ஸ்தாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கிறது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்ற வரம்பு பரம்பரை ஆயுதத்துக்கும் உண்டு. எனவே அந்தப் பழைய லைசென்ஸ் எண் கிடைப்பது உங்களுக்குப் பெரிய பலம். விருதுநகர் மாவட்டம் உருவானது 1985 மார்ச்சில். அதற்கு முன் நரிக்குடி ராமநாதபுரம் ஜில்லா. பழைய பதிவேட்டை இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு மனுப் போடுங்கள். தாத்தா எந்த வருடத்தில் வாங்கினார் என்று தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

நாமாகப் போய்ச் சொன்னால் நம் மேலேயே கேஸ் போடுவார்களே என்ற பயம் பலரையும் வாயடைக்க வைக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் காலம் இதுதான். கைவசம் வைத்திருந்தார் என்பதற்கு, பொருள் இருப்பதை அறிந்திருந்தார் என்பதும் தேவை என உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. பரணில் அது கிடந்த ஆண்டுகள் உங்கள் கணக்கில் சேராது. பெட்டியைத் திறந்த நாள் முதல் சேரும். வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. இன்று தெரிவிப்பவரின் நேர்மைக்கு அந்தக் கடிதமே சான்று. ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டவருக்கு அப்படி ஒன்றும் இருக்காது. தவிர, 3-ஆம் பிரிவை மீறியதாக வழக்குத் தொடர மாவட்ட நடுவராகச் செயல்படும் ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது 39-ஆம் பிரிவு தரும் காப்பு. தானாக முன்வந்ததை அவர் முன் எடுத்துவைக்க முடியும்.

ஒப்படைத்தால் திரும்பி வராது என்பதும் முழு உண்மையல்ல. உரிய காலத்துக்குள் லைசென்ஸோ விலக்கோ பெற்றால் திரும்பக் கேட்கலாம். வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்று அந்தத் தொகையைப் பெறலாம். காலம் கடந்தால் மட்டுமே அரசுடைமை ஆகும். அதற்கு முன்னும் 30 நாள் அவகாசத்தோடு காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸைத் தவறவிடாமல் பதில் எழுதுங்கள். லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வழங்க விரும்புவதாக மனுவிலேயே ஒரு வரி சேர்த்தால், அது உருக்கு உலைக்குப் போகாமல் தடுக்க ஒரு வழி கிடைக்கும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கேதான் இருக்கின்றன.

மதுரைக்காரருக்கு இப்போது விற்க முடியாது. சட்டப்படி உங்கள் கையில் இருக்கும் ஆயுதத்தைத்தான் விற்கலாம். அதற்கும் முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும், வாங்குபவருக்கும் தகுதி இருக்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருளானதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும்: தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

கடிதத்தில் பெட்டி கிடைத்த தேதி, இடம், உடனிருந்தவர்கள், ரிவால்வரின் அடையாளங்கள், கண்ணுக்குத் தெரியும் எண்கள், தோட்டாக்களின் எண்ணிக்கை, தாத்தாவின் பெயர், அவர் இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தொடாமல் நாலு பக்கமும் எடுத்த படங்களை இணையுங்கள். ஒரு பிரதி காவல் நிலையத்துக்கு நேரில், ஒன்று ஆட்சியருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில். ரிவால்வரை நீங்கள் தூக்கிக்கொண்டு போகாமல், வீட்டுக்கு வந்து கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர் எழுதி எடுத்துச்செல்லக் கேளுங்கள். அந்த மகஜரில் ‘துருப்பிடித்து உருளை சுற்றாத நிலையில்’ என்ற விவரம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ரசீதை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.